வேலையை விட்டுட்டு கிச்சனுக்குள்ள போகலாமா? ‘சமையல் காதல்’ கதைகள் காட்டுவதும் மறைப்பதும் என்ன?

ஐ.டி. வேலை போரடிக்கிறது, சமையல் பிடிக்கிறது, ராஜினாமா கடிதம் கொடுத்தாச்சு, சின்னதா ஒரு கடை, அங்கேயே ஒரு காதல்... நாவல்களிலும் சினிமாவிலும் ஹிட் அடிக்கும் இந்த ஃபார்முலாவில் விடுபடும் கணக்கு எது? ஒரு விரிவான பார்வை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்பர்களுக்கு பிரியாணி செய்து போடுகிறீர்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் நிச்சயம் இதைச் சொல்வார்: “மச்சி, நீ பேசாம ஒரு ஓட்டல் ஆரம்பிச்சிடு!” அன்றைக்கு சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். திங்கட்கிழமை காலை முதல் மீட்டிங்கில் உட்காரும்போது அந்த வரி மறுபடியும் காதில் கேட்கும்.

வேலை பற்றிய பயமும் சேரும்போது அந்தக் குரல் இன்னும் சத்தமாகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ‘பெரிய கம்பெனின்னா வேலை பத்திரம்’ என்று நம்பிய ஒரு தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி. ‘பிளான் பி’ என்ன என்ற கேள்வி வந்ததும், பலர் மனதில் முதலில் தோன்றுவது சாப்பாட்டுக் கடைதான்.

இந்த எண்ணத்தை இவ்வளவு இனிப்பாக நம் மனதில் விதைத்ததில் கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபீஸ் வேலையை விட்டு சமையலுக்கு வந்து, அங்கே காதலையும் கண்டுபிடிக்கும் கதைகள் உலகம் முழுக்க ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன.

இந்த ஃபார்முலா எப்படி வேலை செய்கிறது?

நல்ல உதாரணம், பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜென்னி கோல்கன் எழுதி 2011-ல் வெளிவந்த ‘மீட் மீ அட் த கப்கேக் கஃபே’ நாவல். நாயகி இஸ்ஸி ராண்டல் லண்டனில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பேக்கரி நடத்திய தாத்தாவிடம் வளர்ந்தவள். திடீரென்று வேலை போகிறது. கம்பெனி கொடுத்த இழப்பீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில் ஒரு சின்ன கஃபே தொடங்குகிறாள்.

அவளுடைய பழைய காதலன் அவளை வேலையைவிட்டு அனுப்பிய அதே ஆபீஸின் பாஸ். அவள் வாழ்க்கையில் புதிதாக நுழையும் ஆஸ்டின் யார் தெரியுமா? அவள் கடன் கேட்டுப் போகும் வங்கியின் அதிகாரி!

வெறும் தற்செயல் மாதிரி தெரியும். ஆனால் கடை தொடங்குபவருக்கு நிஜத்தில் பெரிய வில்லன் முதலீடுதான். அந்த வில்லனையே ஹீரோவாக்கிவிடுகிறது கதை. கடன் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு வங்கி மேஜைக்கு எதிரே படபடப்போடு உட்காரும் காட்சி, இங்கே காதல் காட்சியாக மாறிவிடுகிறது.

இந்த வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்கள் நான்கு:

• உயிரில்லாத ஒரு ஆபீஸ் வேலை. அது கதையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

• பாட்டி அல்லது தாத்தாவிடமிருந்து வந்த கைப்பக்குவம்.

• தூசி படிந்த ஒரு கடையோ, பழைய வண்டியோ. அதைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கும் ஒரு பாட்டு.

• சமையல் வழியாக ஒன்றுசேரும் காதல் அல்லது குடும்பம்.

மலையாளத்தில் 2012-ல் அன்வர் ரஷீத் இயக்கத்தில், அஞ்சலி மேனன் எழுத்தில் வந்த ‘உஸ்தாத் ஹோட்டல்’ படத்திலும் இதன் சாயல் உண்டு. அப்பாவுக்குத் தெரியாமல் வெளிநாட்டில் சமையல் படித்த ஃபைசியும் (துல்கர் சல்மான்), கோழிக்கோட்டில் கடை நடத்தும் தாத்தாவும் (திலகன்) அங்கே சந்திக்கிறார்கள். தமிழில் 2023 டிசம்பரில் வந்த ‘அன்னபூரணி’யில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த நாயகி (நயன்தாரா), வீட்டுக்குத் தெரியாமல் கேட்டரிங் படிக்கிறாள். நம் ஊர்க் கதைகளில் ஆபீஸ் பாஸின் இடத்தைப் பெரும்பாலும் அப்பா எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் சமையல்? ஏன் தச்சு வேலையோ, விவசாயமோ இல்லை?

முதல் காரணம், உடனே கிடைக்கும் பதில். ஆபீஸில் மூன்று மாதம் உழைத்த பிரசன்டேஷனை யார் படித்தார்கள் என்றே தெரியாது. ஒரு தோசையைத் தட்டில் வைத்தால், சாப்பிடுபவரின் முகம் அடுத்த நிமிடமே சொல்லிவிடும்.

இரண்டாவது, எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்த வேலை இது. அறுவை சிகிச்சை டாக்டராக மாறுவதை யாரும் பகல்கனவு காண்பதில்லை. ஆனால் சாம்பார் நன்றாக வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் ‘நம்மளாலயும் முடியும்’ என்று தோன்றும்.

மூன்றாவது, சாப்பாடு போடுவது அன்பைச் சொல்லும் வழி. “சாப்டியா?” என்ற ஒரு கேள்வியிலேயே மொத்தப் பாசத்தையும் சொல்லிவிடும் ஊர் இது. எனவே சமையலும் காதலும் கதையில் சேரும்போது யாருக்கும் தனியாக விளக்கத் தேவையில்லை.

சரி, இந்தக் கதைகள் எதை மறைக்கின்றன?

முதலில், முதலீட்டை. 2014-ல் ஜான் ஃபாவ்ரோ இயக்கி நடித்த ‘செஃப்’ படத்தை எடுத்துக்கொள்வோம். விமர்சகரோடு சண்டை போட்டு ரெஸ்டாரன்ட் வேலையை விடும் கார்ல் கேஸ்பர், ஃபுட் டிரக் ஒன்றில் புது வாழ்க்கையைத் தொடங்குகிறார். மகனோடு நெருக்கம் திரும்புகிறது, பிரிந்த மனைவியும் திரும்புகிறார்.

ஆனால் அந்த டிரக் எங்கிருந்து வந்தது? மனைவியின் முன்னாள் கணவர் ஒருவர் கொடுக்கிறார். கூட வேலை பார்க்க நண்பர் வந்து நிற்கிறார், சம்பளப் பேச்சே பெரிதாக இல்லை. சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். வண்டி, ஆள், விளம்பரம் மூன்றுமே கிட்டத்தட்ட இலவசம்! 2017-ல் சைஃப் அலி கான் நடிப்பில் வந்த இதன் இந்தி ரீமேக்கிலும் கொச்சியில் ஒரு பழைய டபுள் டெக்கர் பஸ் நாயகனுக்கு வந்து சேர்கிறது. அதைக் கொடுப்பதும் பிரிந்த மனைவியின் நண்பர்தான்.

இரண்டாவது, பயிற்சியை. ‘செஃப்’ படத்துக்குச் சமையல் ஆலோசகராக இருந்தவர் ராய் சோய். லாஸ் ஏஞ்சலிஸில் 2008-ல் ‘கோகி’ என்ற கொரியன் டாக்கோ டிரக் மூலம் புகழ்பெற்றவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு சமையலுக்கு வந்தவர் என்பதால், அவர் வாழ்க்கையே ஒரு சினிமா மாதிரிதான். ஆனால் அவர் அமெரிக்காவின் முன்னணி சமையல் கல்லூரியில் முறையாகப் படித்து, பெரிய ஹோட்டல் கிச்சன்களில் சுமார் 10 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே அந்த டிரக்குக்கு வந்தார். சினிமாவில் இந்த 10 ஆண்டுகள் வராது. வந்தாலும் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, வீட்டில் வரும் இன்னொரு சம்பளத்தை.

‘ஜூலி அண்ட் ஜூலியா’ சொல்லும் நிஜம் என்ன?

2009-ல் நோரா எஃப்ரான் இயக்கத்தில் வந்த ‘ஜூலி அண்ட் ஜூலியா’ இந்த வகைப் படங்களில் பலருக்கும் ஃபேவரைட். நிஜமாக வாழ்ந்த இரண்டு பெண்களின் கதை என்பதால், படத்தையும் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

ஜூலியா சைல்ட் (மெரில் ஸ்ட்ரீப்), இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்தவர். கணவரின் அரசு வேலைக்காக 1948-ல் பாரிஸ் போனார். அடுத்த ஆண்டு அங்குள்ள ‘லு கார்டன் ப்ளூ’ சமையல் பள்ளியில் சேர்ந்தார். அவரும் இரண்டு தோழிகளும் சேர்ந்து எழுதிய பிரெஞ்சு சமையல் புத்தகம் வெளிவந்தது 1961-ல். முதலில் ஒப்பந்தம் போட்ட பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, பள்ளியில் சேர்ந்ததற்கும் புத்தகம் வந்ததற்கும் நடுவே 12 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் வீட்டு வாடகைக்குக் கணவர் பால் சைல்டின் சம்பளம் இருந்தது.

ஜூலி பவல் (ஏமி ஆடம்ஸ்), நியூயார்க்கில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 2002-ல், ஜூலியாவின் புத்தகத்தில் இருந்த 524 ரெசிபிகளை 365 நாட்களில் செய்து முடிப்பது என்று கிளம்பி, அதை ஆன்லைனில் எழுதினார். பலர் கவனிக்காத ஒரு விஷயம் இதில் உண்டு. அந்த ஒரு வருடமும் அவர் வேலையை விடவில்லை! பகலில் ஆபீஸ், ராத்திரியில் அடுப்பு. அதோடு, அவரை மாற்றிய தொழில் சமையல் அல்ல, எழுத்து. அவர் ரெஸ்டாரன்ட் எதையும் தொடங்கவில்லை.

படத்தில் ஜூலியின் கணவர் எரிக், தட்டைக் காலி செய்துகொண்டே ஆதரவு தரும் அன்பானவர். ஆனால் படம் வந்த அதே 2009-ல் ஜூலியின் இரண்டாவது புத்தகம் ‘க்ளீவிங்’ வெளியானது. இறைச்சி வெட்டும் தொழிலைக் கற்ற அனுபவத்தோடு, திருமணத்துக்கு வெளியே தனக்கு இருந்த உறவையும், அதனால் கணவரோடு ஏற்பட்ட விரிசலையும் அதில் வெளிப்படையாக எழுதினார். படத்தின் இனிமையை எதிர்பார்த்து வந்த ரசிகர்களுக்கு அது ஷாக். ஜூலி பவல் 2022 அக்டோபரில், 49 வயதில் இறந்தார்.

அந்தச் சமையல் திட்டம் அவருக்கு ஒரு புதிய அடையாளத்தைக் கொடுத்தது உண்மை. வீட்டுக்குள் இருந்த எல்லாப் பிரச்சினையையும் அது தீர்க்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதைத் தன் கையாலேயே எழுதிய நேர்மை ஜூலிக்கு இருந்தது.

ரெஸ்டாரன்ட்கள் ஏன் மூடப்படுகின்றன?

‘10-ல் 9 ஓட்டல்கள் முதல் வருடத்திலேயே மூடிவிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. 2003-ல் அமெரிக்க டி.வி. விளம்பரம் ஒன்றிலும் இந்த எண் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தவர், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச்.ஜி. பார்ஸா. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அவரும் அவர் குழுவும் கொலம்பஸ் நகர ரெஸ்டாரன்ட்களை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. முதல் வருடத்தில் மூடப்பட்டவை அல்லது கைமாறியவை சுமார் 26 சதவீதம். மூன்று வருடங்களில் சுமார் 60 சதவீதம். பயமுறுத்தும் 90 இல்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்கவைக்கும் எண்ணும் இல்லை. இது அமெரிக்காவின் ஒரு நகரத்துக் கணக்கு. அதை அப்படியே சென்னைக்கோ கோவைக்கோ பொருத்திவிட முடியாது.

ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு பகுதி எந்த ஊருக்கும் பொருந்தும். கடையை மூடிய முதலாளிகளிடம் பேசியபோது, அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று குடும்பம். கடை கேட்கும் நேரத்தையும் வீடு கேட்கும் நேரத்தையும் அவர்களால் ஒன்றாகச் சமாளிக்க முடியவில்லை.

இங்கதான் ட்விஸ்ட். சமையல் காதல் கதைகள் தரும் மிகப் பெரிய வாக்குறுதி, ‘கடை ஆரம்பித்தால் காதலும் குடும்பமும் திரும்பக் கிடைக்கும்’ என்பது. நிஜத்தில் கடை முதலில் கைவைப்பது அதே குடும்ப நேரத்தில்தான். எல்லோரும் சாப்பிட வெளியே வரும் மாலைகளும், ஞாயிறுகளும், தீபாவளியும் ஓட்டல்காரருக்கு உச்சக்கட்ட வேலை நாட்கள்.

நம் ஊரில் கணக்கு எப்படி?

இன்று பலரின் முதல் சாய்ஸ் கிளவுட் கிச்சன். டேபிள், சேர், சப்ளையர் எதுவும் வேண்டாம், ஆப்பில் ஆர்டர் வந்தால் போதும் என்பது கான்செப்ட். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் உள்ள தொகைகள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

ஒரு பிளேட் பிரியாணி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• அரிசி, கறி, மசாலா, எண்ணெய்: 66 ரூபாய்

• ஆப் கமிஷன் 25 சதவீதம் என்றால்: 50 ரூபாய்

• அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.: 9 ரூபாய்

• பேக்கிங்: 12 ரூபாய்

• ஆஃபரில் உங்கள் பங்கு: 15 ரூபாய்

மீதி 48 ரூபாய். ஒரு நாளைக்கு 50 பிளேட், லீவே இல்லாமல் 30 நாள் என்றால் 72,000 ரூபாய். இதில் வாடகை 18,000, மாஸ்டர் சம்பளம் 28,000, உதவியாளர் 14,000, கேஸ் மற்றும் கரன்ட் 10,000. மொத்தம் 70,000 ரூபாய்.

மாதக் கடைசியில் உங்கள் கையில் நிற்பது 2,000 ரூபாய்!

அதே கிச்சனில் 80 பிளேட் போனால் 45,200 ரூபாய் நிற்கும், கூடுதலாக ஆள் வைக்கவில்லை என்றால் மட்டும். 50-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கும் அந்த 30 பிளேட்தான் கடை நிலைக்குமா, மூடுமா என்பதை முடிவு செய்கிறது. அந்த 30 பிளேட்டைக் கொண்டுவருவது ருசி மட்டுமில்லை. இடம், டெலிவரி நேரம், ரேட்டிங், ஆப்பில் உங்கள் கடை எத்தனையாவது வரிசையில் தெரிகிறது என எல்லாமே சேர்ந்துதான்.

ஆப்களோடு உள்ள இந்த உறவு தனிப் பஞ்சாயத்து. இந்திய தேசிய ரெஸ்டாரன்ட் சங்கம் கொடுத்த புகாரின் பேரில், ஸொமேட்டோ, ஸ்விக்கி மீது விசாரணை நடத்த 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்டது. பெரிய ஓட்டல்களே முறையிடும் இடத்தில், ஒற்றை அடுப்போடு நுழைபவருக்குப் பேரம் பேசும் பலம் எவ்வளவு இருக்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

இதுபோக, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் வேண்டும். வீட்டு கேஸ் சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்தக் கூடாது, கமர்ஷியல் சிலிண்டர்தான். கடை பிடிக்க மாத வாடகையைப் போலப் பல மடங்கு அட்வான்ஸ் கேட்பார்கள்.

இஸ்ஸிக்குக் கிடைத்த ஆஸ்டின் நமக்குக் கிடைப்பாரா? பிணை இல்லாத முத்ரா கடனின் உச்சவரம்பு 2024 பட்ஜெட்டில் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ஏற்கெனவே ‘தருண்’ பிரிவில் கடன் வாங்கிச் சரியாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு. முதல்முறை வருபவர்களுக்கு வரம்பு 10 லட்சம்தான். அந்த வங்கி மேஜையில் கேட்கப்படும் கேள்விகளில் காதல் இருக்காது.

எல்லோருக்கும் சமையல் ‘பேஷன்’ தானா?

இந்தக் கதைகளில் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் 15 முதல் 59 வயதுப் பெண்கள், சம்பளமில்லாத அந்த வேலைகளுக்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 305 நிமிடம் செலவிடுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல். 2019-ல் இது 315 நிமிடமாக இருந்தது.

2021-ல் ஜியோ பேபி இயக்கத்தில் மலையாளத்தில் வந்து, பின்னர் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் தமிழிலும் ரீமேக் ஆன ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’, இந்த ஃபார்முலாவை அப்படியே தலைகீழாகத் திருப்பியது. அதன் நாயகிக்கு விடுதலை கிச்சனுக்குள் இல்லை, அதைவிட்டு வெளியேறுவதில் இருக்கிறது. அவளுடைய பேஷன் நடனம்.

ஆபீஸில் இருந்து கிச்சனுக்கு வருபவருக்குக் கைதட்டல். 30 வருடமாக கிச்சனிலேயே நிற்கும் அம்மாவுக்கு “இன்னைக்கு உப்பு கொஞ்சம் கம்மி.” இரண்டுமே ஒரே வேலைதான். ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்தார், இன்னொருவரிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படின்னா கனவே காணக் கூடாதா?

அப்படி இல்லை. ராய் சோய், ஜூலியா சைல்ட் இருவரும் பாதை மாறி வந்து ஜெயித்தவர்கள்தான். கதைகள் வெட்டி எறிந்த பகுதிகளை அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டால், சில விஷயங்கள் தெளிவாகும்.

1. ஜூலி பவல் மாதிரி, வேலையில் இருந்துகொண்டே சோதித்துப் பார்க்கலாம். நண்பர்கள் இலவசமாகச் சாப்பிட்டுப் பாராட்டுவது டெஸ்ட் இல்லை. தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி, அடுத்த வாரமும் வருகிறாரா என்பதுதான் டெஸ்ட்.

2. சொந்தக் கடைக்கு முன், இன்னொருவர் கடையில் சில வாரங்களாவது நின்று பார்க்கலாம். காலை 5 மணிக்கு காய்கறி மார்க்கெட், மதிய ரஷ், மாஸ்டர் திடீரென்று வராத நாள்... இதெல்லாம் பிடித்திருந்தால், பிடித்திருப்பது ஓட்டல் தொழில். சமைக்கும்போது மட்டும் சந்தோஷம் என்றால், அது ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும். அதில் தோல்வி எதுவும் இல்லை.

3. லாபம் வராத மாதங்களுக்கான வீட்டுச் செலவைத் தனியாக எடுத்துவைத்த பிறகு, மீதி இருப்பதுதான் முதலீடு. பி.எஃப். பணம் மொத்தத்தையும் இன்டீரியரில் கொட்டுவது, சினிமாவில் அந்த பெயின்ட் அடிக்கும் பாட்டுக்கு மட்டும் அழகு.

4. கூட வாழ்பவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். ‘உனக்கு ஓகேவா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை மாதம் சம்பளமில்லாமல் ஓட்ட முடியும், குழந்தையை ஸ்கூலில் இருந்து யார் கூட்டி வருவது, எந்த நிலை வந்தால் கடையை மூடுவது என்பதை எழுதிவைத்துப் பேச வேண்டும்.

நாவல்கள் பெரும்பாலும் திறப்பு விழாவோடும் முத்தத்தோடும் முடிந்துவிடும். அடுத்த மாதம் 5-ம் தேதி வாடகை கேட்டு வரும் ஹவுஸ் ஓனர் எந்தக் கடைசி அத்தியாயத்திலும் வருவதில்லை. கதையை ரசித்துப் படிக்கலாம். ராஜினாமா கடிதத்தை டைப் செய்வதற்கு முன், அந்த ஹவுஸ் ஓனருக்கான பதிலை மட்டும் ரெடி செய்துகொள்வது நல்லது.